சாய்ந்து நிற்கும் சாலை

இங்கிலாந்தில் 1903-ஆம் ஆண்டுச் சட்டப்படி கார்கள் மணிக்கு 20 மைலுக்கு மேல் போகக்கூடாது. பிரான்சிலும் இத்தாலியிலும் பொதுச்சாலையை மறித்துப் பந்தயம் விட்டுக்கொண்டிருந்த காலம் அது. இத்தாலியின் பிரெஸ்சியாவுக்குப் பந்தயம் பார்க்கப் போன ஹியூ லாக் கிங் என்ற சர்ரே மாவட்டத்து நிலக்கிழாருக்கு, அங்கே பிரிட்டிஷ் கார் ஒன்றுகூட ஓடாதது பெரிய மனக்குறை ஆகிவிட்டது. ஓட்டிப் பழக இடமில்லாதவன் எப்படிக் கார் செய்வான்? ஊருக்குத் திரும்பியதும் வேபிரிட்ஜில் தன் சொந்த நிலத்திலேயே ஓடுதளம் கட்டத் தொடங்கினார். தனியார் நிலத்துக்குள் 20 மைல் சட்டம் வராது.

செலவு ஒன்றரை லட்சம் பவுண்டைத் தொட்டது. நடுவில் அவர் உடம்பு படுத்துவிட்டது. கடனையும் வேலையாட்களையும் சமாளித்து வேலையை முடித்தவர் மனைவி எதெல். 1907 ஜூன் 17 அன்று திறப்பு விழா ஊர்வலத்தில் முதல் காரை ஓட்டி வந்ததும் அவர்தான். 100 அடி அகலக் கான்கிரீட், இரண்டே முக்கால் மைல் சுற்று, வளைவுகளில் ஏறத்தாழ 30 அடி உயரத்துக்கு எழும்பும் சரிவு. சரிவு வளைவுகளோடு கார் பந்தயத்துக்கென்றே கட்டிய உலகின் முதல் ஓடுதளம். பெயர் புரூக்லண்ட்ஸ்.

இன்று அது அருங்காட்சியகம். அறக்கட்டளை ஒன்று நடத்துகிறது. பழைய கார்களையும் சூப்பர்கார்களையும் ஒரே திடலில் நிறுத்தி, வரும் காசை நற்பணிக்குக் கொடுக்கும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அங்கே போயிருந்தேன். கூட்டிப்போனவர் நியூ மால்டனில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர். கார் பைத்தியம் என்று அவரைச் சொல்ல முடியாது. கார்ப் பராமரிப்புக் கணக்கைப் பேசியே பொழுதுபோக்கக்கூடியவர்.

ஏ3 சாலையில் போகும்போதே ஒரு குறையைத் தொடங்கிவிட்டார். லண்டன் மாநகரம் முழுவதும் இப்போது காற்று மாசுக் கட்டண வலயம். 2023 ஆகஸ்டில் அதை வெளிப்புறப் பேட்டைகள் வரை நீட்டியபோது, அவர் கடைக்குச் சாமான் ஏற்றிய டீசல் வேன் அதில் மாட்டிக்கொண்டது. வெளியே எடுத்தால் நாளுக்கு 12.50 பவுண்டு. விற்றுவிட்டார். "ஆனா நாப்பது வருசத்துக்கு மேலான கார் எண்டால் காசில்லை, தம்பி. வரியும் இல்லை. புகை கக்கிக்கொண்டு போகலாம். கிழவனாப் போனால்தான் இந்த நாட்டிலை மரியாதை" என்றார். அவர் சொன்னது உண்மைதான். நாற்பது ஆண்டு தாண்டிய வண்டியை வரலாற்று வாகனம் என்று பதிந்துகொண்டால் சாலை வரி கிடையாது, அந்தக் கட்டணமும் கிடையாது. அன்று காலை எங்களை முந்திப்போன ஒரு ஜாகுவார் ஈ-டைப் அப்படி இலவசமாகத்தான் போயிருக்கும். 1961-இல் ஜெனீவா கண்காட்சியில் அது அறிமுகமானபோது பார்த்தவர்களுக்கு மூச்சு நின்றதாம். 60 ஆண்டுக்கு மேல் கழித்து, பின்னாலிருந்து பார்த்த எனக்கும் கொஞ்சம் அப்படித்தான் இருந்தது.

நுழைவாயிலில் தொண்டர் ஒருவர், "நீங்கள் இங்கே வருமான வரி கட்டுகிறவரா?" என்று கேட்டார். விசாரணை என்று நினைத்து நான் நிமிர்ந்து நின்றேன். விஷயம் வேறு. வரி கட்டுகிறவர் ஒரு பவுண்டு நன்கொடை கொடுத்தால், அரசிடமிருந்து இன்னும் 25 பென்ஸை அந்த அறக்கட்டளை கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அண்ணா பெயரும் முகவரியும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் காசு வெறும் காசாகவே உள்ளே போனது.

உள்ளே 1907-இல் கட்டிய கிளப் ஹவுஸ் முன்னால் சூப்பர்கார்கள் வரிசையாக நின்றன. அங்கேதான் கூட்டம். லம்போர்கினி, ஃபெராரி, போர்ஷே, அதிகமாக மெக்லாரன். மெக்லாரன் தொழிற்சாலை இருக்கும் வோக்கிங் சில மைல் தூரம்தான். அந்தக் கார்களுக்கு இது பக்கத்து ஊர்த் திருவிழா. ஆரஞ்சு, எலுமிச்சை மஞ்சள், ஊதா என்று நிறங்கள் கண்ணைப் பறித்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் உரிமையாளர் ஒருவர் சற்றுத் தள்ளி நின்று, பிள்ளைகளின் பை ஜிப்பும் பெரியவர்களின் பெல்ட் பக்கிளும் கதவில் உரசிவிடுமோ என்று கவனித்துக்கொண்டிருந்தார். 'தயவுசெய்து தொடாதீர்கள்' என்ற அட்டை இல்லாத கார் குறைவு.

இந்த வகைக் கார்களில் எனக்குப் பிடித்தவை கொஞ்சம் வயதானவை. 1966-இல் வந்த லம்போர்கினி மியூரா பன்னிரண்டு சிலிண்டர் இன்ஜினை ஓட்டுநருக்குப் பின்னால் குறுக்காக வைத்தது. சாலையில் ஓடும் வேகக் கார்களின் உருவத்தை அது மாற்றியதை இன்றைய கார்களின் இடுப்பிலும் பார்க்கலாம். அன்று மியூரா வரவில்லை. அதன் வாரிசான கௌன்டாஷ் ஒன்று வந்திருந்தது. இரண்டையும் வரைந்தவர் பெர்டோனே நிறுவனத்தின் மார்செல்லோ காண்டினி. கௌன்டாஷின் கதவு மேல்நோக்கிக் கத்தரிபோல் திறக்கும். வெறும் பகட்டு என்றே அதை நினைத்திருந்தேன். அந்தக் காரில் பின்னால் பார்ப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம். ஆகவே ரிவர்ஸ் எடுக்க வேண்டுமானால் கதவைத் தூக்கிவிட்டு, விளிம்பில் பாதி உட்கார்ந்து, உடம்பை வெளியே நீட்டித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பின்னால் போக வேண்டும். உரிமையாளர் அதைச் செய்து காட்டினார். அறுபதைத் தாண்டிய, வயிறு கொஞ்சம் முன்தள்ளிய மனிதர். ஒரு காலை உள்ளேயும் இடுப்பை வெளியேயும் வைத்து அவர் காரைப் பத்தடி பின்னுக்கு நகர்த்தியதும் எல்லோரும் கைதட்டினார்கள். அந்த நாளில் அந்தக் கார் செய்த மிகப் பெரிய சாகசம் அதுவே.

ஃபெராரி எஃப்40 ஒன்றும் நின்றது. நிறுவனத்தின் நாற்பதாம் ஆண்டை ஒட்டி 1987-இல் வந்தது. என்ஸோ ஃபெராரி உயிரோடு இருக்கும்போது ஒப்புதல் கொடுத்த கடைசிக் கார். எட்டிப் பார்த்த ஒரு சிறுவன், உள்ளே கம்பளம் இல்லை, கதவுக்கு உள்கைப்பிடிகூட இல்லை, ஒரு கயிறுதான் தொங்குகிறது என்று கண்டுபிடித்து, "உடைஞ்சிருக்கா?" என்று தன் அப்பாவிடம் கேட்டான். எடை குறைக்க எல்லாவற்றையும் கழற்றியதற்குத்தான் அவ்வளவு விலை என்று அந்த அப்பா விளக்கப் பார்த்தார். பையன் நம்பவில்லை. நானும் முழுதாக நம்பினேன் என்று சொல்ல மாட்டேன்.

வரிசையின் கடைசியில் ஒரு கூடாரம். காசு கொடுத்தால் விருப்பமான காரில் ஒரு சுற்று கூட்டிப்போவார்கள். ஸ்போர்ட்டிங் பேர்ஸ் என்ற மோட்டார் சங்கம் இப்படி ஆண்டு முழுவதும் பல கண்காட்சிகளில் உறுப்பினர்களின் கார்களை ஓடவிட்டு, பிள்ளைகளுக்கான அறப்பணிகளுக்குப் பணம் சேர்க்கிறது. பிற ஊர்க் கண்காட்சிகளும் அதே வழியைப் பிடித்துக்கொண்டன. ஓட்டுநர் கார் உரிமையாளர், பெட்ரோலும் அவருடையதே. பயணியின் காசு முழுவதும் நன்கொடை வாளிக்குப் போகிறது. வெளியே இருப்பதோ வீடுகள் நெருங்கிய சாலை. மணிக்கு 200 மைல் போகக்கூடிய காரில் 30 மைலில் போய்த் திரும்புகிறார்கள். ஆனாலும் வரிசை குறையவில்லை. மஞ்சள் லம்போர்கினியில் போய்வந்த ஒரு பாட்டியை, தரையோடு தரையாக இருந்த இருக்கையிலிருந்து எழுப்ப இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். எழுந்து ஊன்றுகோலை வாங்கிக்கொண்ட பாட்டி, அடுத்தது அந்தச் சிவப்பு என்று கைகாட்டினார்.

ஹெலிகாப்டர் ஆம்புலன்சுக்காகவும் வாளி ஏந்தி நின்றார்கள். 1948 முதல் எல்லோருக்கும் இலவச மருத்துவம் கொடுக்கும் நாட்டில், விபத்தில் கிடப்பவனைத் தூக்கவரும் ஹெலிகாப்டர் பெரும்பாலும் இப்படி நன்கொடையில்தான் பறக்கிறது என்பது எனக்கு வியப்பு. 1987-இல் கார்ன்வாலில் முதல் சேவை தொடங்கியது. பிறகு மாவட்டம் மாவட்டமாக மக்களே சேர்த்துக்கொண்டார்கள். கடலில் தத்தளிப்பவரை மீட்கும் லைஃப்போட் சங்கமும் 1824 முதல் அப்படித்தான். குழந்தைகளுக்கான உலகின் முதல் ஹாஸ்பிஸ், அதாவது தீராநோய்ப் பராமரிப்பு இல்லம், 1982-இல் ஆக்ஸ்ஃபோர்டில் திறந்ததும் நன்கொடையில்தான். அரசின் கையும் ஊரின் கையும் எங்கே பிரிகின்றன என்பதை அந்த ஊர்க்காரர்களே தெளிவாகச் சொல்லவில்லை. எனக்கு ஒரு சந்தேகமும் வந்தது. இவ்வளவு விலையில் கார் வைத்திருப்பவர் வீட்டிலிருந்தே ஒரு காசோலை அனுப்பிவிடலாமே? அனுப்பலாம்தான். அப்போது பாட்டிக்கு மஞ்சள் லம்போர்கினி கிடைத்திருக்காது.

கூட்டத்தை விட்டு ஓடுதளத்தைப் பார்க்க நடந்தோம். முழுச்சுற்றும் இன்று இல்லை. ஒரு பகுதியில் தொழிற்பேட்டை, ஒரு பகுதியில் சூப்பர் மார்க்கெட். மிஞ்சிய துண்டுகளில் முக்கியமானது மெம்பர்ஸ் பேங்கிங் என்ற சரிவு வளைவு. படத்தில் அது சாலை. கீழே நின்று பார்த்தால் மதில். விரிசல்களில் புல், ஓரத்தில் பாசி. ஏற முயன்றேன். பாதிக்கு மேல் கைகளை ஊன்ற வேண்டியிருந்தது. அதன் மேல் விளிம்பை ஒட்டி மனிதர்கள் கார் ஓட்டினார்கள் என்பதை மூளை ஏற்றுக்கொண்டாலும் முழங்கால் ஏற்றுக்கொள்ளவில்லை.

திறந்த இரண்டு வாரத்துக்குள்ளேயே எஸ். எஃப். எட்ஜ் என்பவர் நேப்பியர் காரில் 24 மணி நேரம் விடாமல் இங்கே சுற்றினார். இரவில் ஓரமெங்கும் விளக்கு வைத்து, மொத்தம் 1,581 மைல். சுற்றுவட்டாரத்துக்காரர்கள் தூக்கம் போனதென்று வழக்குக்குப் போக, பிற்பாடு சைலன்சர் கட்டாயம் ஆனது. பந்தயங்களுக்குத் தொடக்கத்தில் முன்மாதிரி இல்லாததால் குதிரைப் பந்தய விதிகளையே எடுத்துக்கொண்டார்கள். காருக்கு எண் கிடையாது. ஓட்டுநர் ஜாக்கிபோல் நிறச்சட்டை போட்டுக்கொள்ள வேண்டும். பந்தயம் கட்டுவோருக்கும் குறைவில்லை. பெர்சி லாம்பர்ட் 1913 பிப்ரவரியில் டால்பட் காரில் ஒரு மணி நேரத்தில் 103.84 மைல் ஓடி, அந்த நேரத்துக்குள் 100 மைலைக் கடந்த முதல் மனிதரானார். அதே ஆண்டு அக்டோபர் கடைசி நாளில், கைவிட்டுப்போன சாதனையை மீட்க முயன்றபோது டயர் வெடித்து இங்கேயே இறந்தார். பெண்களைத் தொடக்க ஆண்டுகளில் ஆண்களோடு போட்டியிட விடாமல் தடுத்த இடமும் இதுதான். ஐந்தடிக்கும் குறைவான கே பீட்டர், பெடலில் கட்டை பொருத்தி, பத்தரை லிட்டர் டெலாஜில் 1935-இல் 134.75 மைல் வேகத்தில் சுற்றிக் காட்டியதும் இங்கேதான். அந்தக் காருக்குள் அவரைப் படத்தில் பார்த்தால் தொப்பியும் கண்ணாடியும் மட்டும் தெரியும்.

காலம் போகப்போகக் கான்கிரீட் அங்கங்கே அமுங்கித் தளம் மேடும் பள்ளமுமாகப் போயிற்று. அந்தக் குலுக்கலில் ஜான் காப் ஓட்டிய நேப்பியர்-ரெயில்டனின் நான்கு சக்கரமும் காற்றில் நிற்கும் புகைப்படம் ஒன்று உண்டு. கார் இப்போது இங்கேதான் இருக்கிறது. விமான இன்ஜின், 24 லிட்டர், பிரேக் பின்சக்கரத்துக்கு மட்டும். 1935 அக்டோபரில் ஒரு சுற்றை மணிக்கு 143.44 மைல் வேகத்தில், அதாவது சுமார் 231 கிலோமீட்டரில் முடித்தது. 1939-இல் போர் வந்து ஓடுதளம் மூடப்பட்டது. விமானத் தொழிற்சாலை இடத்தை எடுத்துக்கொண்டது. பந்தயம் திரும்பவே இல்லை. காப் 1952-இல் லாக் நெஸ் ஏரியில் வேகப்படகு சிதறி இறந்தார். கிளப் ஹவுஸ் வாசலில் நின்ற எந்தச் சூப்பர்காரும் அவர் வேகத்தை எளிதாக நெருங்கிவிடும். ஆனால் அந்தச் சாதனையை இனி யாரும் முறியடிக்க முடியாது. ஓட சாலை இல்லை. உள்ளே வேகத்துக்கு இடமில்லை, வெளியே 30 மைல் பலகை. லாக் கிங் தன் சொத்தைக் கரைத்து உடைத்த சட்டத்துக்குள், அவர் நினைத்தும் பார்க்காத வேகக் கார்கள் திரும்பவும் வந்து அடங்கி நின்றன.

டெஸ்ட் ஹில் என்ற சிறு ஏற்றம் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. 1909-இல் கார்களின் ஏறும் திறனையும் பிரேக்கையும் சோதிக்கக் கட்டியது. போகப்போக நான்கடிக்கு ஓரடி என்று நிமிரும். அன்று ஒரு மூன்று சக்கர மோர்கன் துள்ளி ஏறியது. ஆஸ்டின் செவன் ஒன்று கடைசிச் சரிவில் திணறியபோது ஓரத்தில் நின்றவர்கள் எல்லோரும் தோளால் காற்றைத் தள்ளினார்கள். அது உச்சியை அடைந்ததும் எழுந்த கூச்சல், காலையில் எந்த லம்போர்கினிக்கும் கிடைக்காதது.

பழைய கார்கள் புல்வெளியில் இருந்தன. இங்கே அட்டை இல்லை, மடக்கு நாற்காலி இருந்தது. பிளாஸ்க்கில் தேநீர் இருந்தது. கேட்காமலே கதவைத் திறந்து உட்காரச் சொல்வார்கள். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் மூன்றாம் வரிசைக் கார் ஒன்றைச் சுற்றி இந்தியர்கள் சிலர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்பாசடரின் தாய் அது. வங்காளத்தின் உத்தர்பாராவில் 2014 வரை செய்யப்பட்ட காரின் தொடக்கம். அங்கே எனக்குப் பேச ஒன்றும் இல்லை, எல்லோரும் பேசிவிட்டார்கள்.

டிரையம்ஃப் ஹெரால்டின் உரிமையாளரிடம் மட்டும் நின்றேன். மிக்கெலோட்டி வரைந்த கார். இரு பக்க மட்கார்டோடு சேர்த்து முன்பகுதி முழுவதும் ஒரே துண்டாக முன்னால் கவிழும். இன்ஜினைச் சுற்றி நடந்தே வேலை செய்யலாம். இதைச் சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற பெயரில் செய்தார்கள் என்றேன். கேள்விப்பட்டிருந்தார். பின்னால் ஏற வசதிப்படாதென்று அங்கே நான்கு கதவு வைத்தார்கள், உலகில் வேறெங்கும் நான்கு கதவு ஹெரால்டு கிடையாது என்றதும் மனிதர் எழுந்துவிட்டார். "நான்கா?" என்று தன் காரின் இரண்டு கதவையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற நண்பர்களைக் கூப்பிட்டு இன்னொரு முறை என்னைச் சொல்லச் சொன்னார்.

நான் இதில் மூழ்கியிருந்தபோது அண்ணாவைக் காணவில்லை. தேடிப்போனால், இரண்டு வரிசை தள்ளி உருண்டு திரண்ட ஒரு சாம்பல் நிறக் கார் முன் நின்றுகொண்டிருந்தார். ஆஸ்டின் ஏ40 சோமர்செட். 1952 முதல் 1954 வரை செய்த, 1,200 சிசி இன்ஜின் கொண்ட சாதுவான குடும்பக் கார். யாரும் வரிசையில் நின்று பார்க்கிற சாமான் இல்லை. நேப்பியர்-ரெயில்டன் இன்ஜினில் இருபதில் ஒரு பங்கு.

"தம்பி, இஞ்ச வா. எங்கட ஐயா ஹயர் ஓடினது இதிலைதான். கொடிகாமத்திலை. கியர் பார், ஸ்டியரிங்கிலை இருக்கு" என்றார். உரிமையாளர் எழுபதை நெருங்கியவர். உட்காருங்கள் என்று கைகாட்டினார். அண்ணா உட்காரவில்லை. பானெட்டைத் திறக்க முடியுமா என்று கேட்டார்.

1990-க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெட்ரோல் வருவது நின்றது. போர்க்காலப் பொருளாதாரத் தடை. சின்னச் சின்னப் போத்தல்களில் ஒளித்து விற்பதைத்தான் வாங்க முடியும். புதுக் கார்கள் எல்லாம் மரத்தடியில் கோழிக்கு வீடாகிவிட, அழுத்தம் குறைந்த இன்ஜின் கொண்ட இந்த ஐம்பதுகளின் ஆஸ்டினும் மோரிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. அண்ணா கார்புரேட்டரைத் தொட்டுக்காட்டி விளக்கினார். முதலில் ஒரு மூடி பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் பண்ண வேண்டும். இன்ஜின் நன்றாகச் சூடேறியதும் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறக்க வேண்டும். பிறகு போய்ச் சேரும் வரை நிறுத்தவே கூடாது. நின்றால் இன்னொரு மூடி பெட்ரோல் நட்டம். பிள்ளைப்பேற்றுக்குப் போகிறவர் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினாலும் கார் உறுமிக்கொண்டே நிற்கும். கல்யாண வீட்டுக்குப் போனால் பட்டுச்சேலை முழுவதும் மண்ணெண்ணெய் நாற்றம். "ஐயா இரவு படுக்கேக்கை சொல்லுவார், இண்டைக்கு ஒருக்காத்தான் நிப்பாட்டினேன் எண்டு. அதுதான் அவருக்கு லாபக் கணக்கு."

உரிமையாளர் குனிந்து, தன் காரின் கார்புரேட்டரைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். எவ்வளவு காலம் இன்ஜின் தாங்கியது, வால்வு கரி பிடிக்கவில்லையா, ஆயில் எத்தனை நாளுக்கு மாற்றினீர்கள் என்று கேள்வி மேல் கேள்வி. அனுதாபமாக ஒரு வார்த்தைகூட இல்லை. எல்லாமே மெக்கானிக் கேள்விகள். அண்ணாவுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. மண்ணெண்ணெய் கலந்து ஆயில் நீர்த்துப்போகும், அடிக்கடி மாற்ற வேண்டும், ஆயிலும் கிடையாது, ஆகவே பழைய ஆயிலைத் தெளியவைத்து வடித்து விடுவோம் என்றார். "வடித்தா?" என்றார் உரிமையாளர். "ஓம், சீலைத் துணியாலை" என்று அண்ணா தமிழிலேயே சொல்லிவிட்டுச் சைகையில் வடித்துக் காட்டினார்.

மூன்று மணி இருக்கும். சூப்பர்கார்கள் ஒவ்வொன்றாக உறுமிவிட்டுக் கிளம்பத் தொடங்கின. ஒவ்வொரு உறுமலுக்கும் வாசலில் கைபேசிகள் உயர்ந்தன. இவர்கள் இருவரும் திரும்பவில்லை. உரிமையாளர் தன் குறையைச் சொல்லிக்கொண்டிருந்தார். சோமர்செட்டுக்குக் கதவுத் தூணிலிருந்து வெளியே எழும்பும் கைகாட்டி சிக்னல் உண்டு. திரும்பும்போது ஆரஞ்சு விளக்கோடு ஒரு சிறு கை நீளும். அதில் ஒன்று போன குளிரில் உடைந்துவிட்டது. சரியான அளவில் இங்கே கிடைக்கவில்லை. கிடைத்தாலும் விலை சொல்லி மாளாது.

அண்ணா கைபேசியை எடுத்து உடைந்த இடத்தைப் படம் பிடித்தார். கொடிகாமத்தில் இன்னும் கராஜ் வைத்திருக்கும் மச்சானுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அங்கே இரவு ஏழரை. நாங்கள் இரண்டாவது தேநீரைக் குடித்து முடிப்பதற்குள் குரல் பதிவாகப் பதில் வந்துவிட்டது. அண்ணா ஸ்பீக்கரில் போட்டார். பின்னணியில் நாய் குரைத்தது, யாரோ ஸ்பானரைக் கீழே போட்டார்கள்.

"சாமான் கிடக்கு, மச்சான். இடப்பக்கமோ, வலப்பக்கமோ? வெள்ளைக்காரன் எவ்வளவு தருவாராம்?"

அண்ணா முதல் கேள்வியை மட்டும் ஆங்கிலத்தில் கேட்டார். இரண்டாவதற்கு உரிமையாளரே சட்டைப் பையிலிருந்து சின்னக் குறிப்பேட்டை எடுத்தார். காசு என்பதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. "வலப்பக்கம்," என்றார், "ஆனால் இரண்டும் இருந்தால் இரண்டையும் அனுப்பச் சொல்லுங்கள்."